மாமாவின் வலது தோளும் ஒரு 20 போர் செமி ஆட்டோவும்

மாமா எனக்குப் போன் பண்ணிக் கேட்ட முதல் கேள்வியே, "மாப்பிள்ளை, எந்த செமி ஆட்டோ நல்லது, பெரெட்டாவா பெனெல்லியா?" என்பதுதான். செமி ஆட்டோ என்றால் ஒன்றைச் சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்கிற வேட்டைத் துப்பாக்கி, பெரெட்டாவும் பெனெல்லியும் அதைச் செய்கிற இத்தாலியக் கம்பெனிகள். இந்தக் கேள்வியை நான் வருடத்துக்குப் பத்துப் பேரிடமிருந்தாவது கேட்கிறேன். கேட்கிறவர் என்ன உயரம், எதைச் சுடப் போகிறார், எவ்வளவு தூரம் நடப்பார், லைசென்ஸ் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று ஒன்றுமே தெரியாமல் இதற்குப் பதில் சொன்னால் அது பதிலே இல்லை. அதனால் மாமாவின் கதையை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். துப்பாக்கி வாங்கி முடிக்க எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருடத்தில் கடையில் கழிந்தது ஒரு மணி நேரம்கூட இருக்காது.

மாமாவுக்கு வயது 61. அம்மாவின் தம்பி. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் கரும்பு போட்டிருக்கிறார், தாத்தா காலத்து நிலம். உயரம் 165 சென்டிமீட்டர்தான், ஒல்லியான உடம்பு. முப்பது வருடமாகத் தாத்தாவின் 12 போர் இரட்டைக் குழலை வைத்துக் கரும்புக் காட்டு ஓரத்தில் கினிக்கோழி சுட்டவர். (போர் என்பது குழலின் அளவு, எண் கூடினால் குழல் சின்னது, 12ஐவிட 20 சின்னது.) வெட்டி முடித்த கரும்பு வயலில் விடியற்காலையில் கூட்டமாக இறங்கும், சுலு ஆட்கள் இம்பங்கேலே என்பார்கள், அதே கோழிதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் வலது தோளில் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை ஆனது. டாக்டர் சுடலாம் என்றார், ஆனால் தோளில் உதை குறைவாக இருக்கட்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். அதற்கு நடுவில் நான் ஒரு தடவை பாயின்டர் நாயோடு கவுதாரி வேட்டைக்குக் கூட்டிப்போனதில் மாமாவுக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. கேப் பக்கம் ஸ்டோர்ம்பர்க் மலைமேல் இருக்கிற சாம்பல் இறகுக் கவுதாரி, ஆப்பிரிக்கான்ஸில் பெர்க்பாட்ரீஸ். நம் ஊர்க் கவுதாரிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம், எடை 400 கிராம் சுமார். மலைப்புல்லில் அலகால் தோண்டிக் கிழங்கு தின்னும், நாய் மோப்பம் பிடித்து நின்றால் அசையாமல் பதுங்கிக் கிடக்கும், காலடியில் வெடித்தது போல் எழும்பும். இதற்கு நாள் முழுக்கத் துப்பாக்கியைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கரும்புக் காட்டு ஓரத்தில் ஒரே இடத்தில் நின்று சுடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, பெரெட்டாவா பெனெல்லியா என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, "தாத்தா துப்பாக்கியையும் நீங்கள் போடுகிற தோட்டாவையும் எடுத்துக்கொண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாருங்கள்" என்றேன்.

அதிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிட்டது. குழலைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தால், தோட்டா உட்காருகிற அறையின் நீளம் இரண்டரை அங்குலம் என்று பொறித்திருக்கிறது, அதாவது 65 மில்லிமீட்டர். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் நிறைய இப்படித்தான். மாமா இத்தனை வருடமாக அதில் போட்டது 70 மில்லிமீட்டர் தோட்டா, உள்ளே 32 கிராம் ஈய ரவை, அதாவது பொடிக் குண்டுகள். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அது அறைக்குள் அழகாக உட்கார்ந்துவிடும். சுடும்போது அந்த மடிப்பு விரியும், விரிய இடம் இல்லாமல் குழலின் குறுகும் பகுதிக்குள் போய் வழியை அடைக்கும், அழுத்தம் ஏறும், உதையும் கூடும். குழல் இத்தனை வருடம் தாங்கியது நம் புண்ணியம். வீட்டில் பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன துப்பாக்கி இருக்கிறவர்கள் இந்த ஒரு வரியையாவது எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், அறை நீளமும் தோட்டா நீளமும் ஒத்துப்போகிறதா என்று.

இன்னொன்று, தோளில் வைக்கிற கட்டையின் நீளம். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை 37 சென்டிமீட்டர். தாத்தா ஆறடி ஆள், அவருக்குச் சரி. மாமா அதைத் தூக்கினால் கட்டை அக்குளில் மாட்டும், அதைத் தவிர்க்கத் தோளுக்கு வெளியே புஜத்து மேல் வைத்துச் சுடுவார். உதை முழுவதும் விழுந்தது அந்தப் புஜத்து மூட்டில்தான். அறுவை சிகிச்சை நடந்த அதே இடம். தோள் கெட்டதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், மூட்டை தூக்கின உடம்பு அது. ஆனால் உதவியும் செய்யவில்லை.

கட்டையை ஒன்றரை சென்டிமீட்டர் அறுத்துவிட்டு 65 மில்லிமீட்டர் 28 கிராம் தோட்டா போட்டால் இந்தத் துப்பாக்கியே இன்னும் பத்து வருடம் ஓடும் என்று துப்பாக்கி பழுது பார்க்கிறவரும் சொன்னார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா கட்டையில் ரம்பம் வைக்க மாட்டேன்" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

உதையைக் கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம், ஏனென்றால் இதை எல்லாரும் வாய் வார்த்தையாகவே பேசுகிறார்கள். உதை என்பது முன்னால் போகிற சரக்கின் எடையும் வேகமும், பின்னால் வருகிற துப்பாக்கியின் எடையும் சேர்ந்த விஷயம். வினாடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டு, தோட்டாவுக்குள் இருக்கிற அடைப்பானையும் வெடிமருந்தையும் சேர்த்துப் போட்டால், 3 கிலோ துப்பாக்கியில் 32 கிராம் தோட்டா ஏறக்குறைய 37 ஜூல் உதைக்கிறது. அதே துப்பாக்கியில் 28 கிராம் போட்டால் 28 சுமார். 3.4 கிலோ 12 போரில் 28 கிராம் 25க்கு வரும். 2.8 கிலோ 20 போரில் 25 கிராம் போட்டால் 23. துப்பாக்கி இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை இன்னும் நான் தொடவே இல்லை, தோட்டாவையும் எடையையும் மாற்றியதிலேயே 37 ஜூல் 23 ஆகிவிட்டது. மாமாவுக்கு இந்தக் கணக்கை ஒரு பழைய காலண்டர் பின்னால் எழுதிக் காட்டினேன், அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அப்படியானால் செமி ஆட்டோ எதற்கு?

நியாயமான கேள்வி. நாயோடு கவுதாரிக்குப் போகிறவனுக்கு இரண்டு தோட்டா போதும், மூன்றாவதைச் சுடுவதற்குள் பறவை தாண்டிவிடும். மடக்கித் திறக்கிற துப்பாக்கிக்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு: திறந்து கையில் தொங்கவிட்டால் இருபது மீட்டர் தள்ளி நிற்கிறவனுக்கும் அது தோட்டா இல்லாத வெறும் துப்பாக்கி என்று தெரியும். செமி ஆட்டோவில் அது தெரியாது. தோள் நன்றாக இருக்கிற யாராவது என்னிடம் கேட்டால் இன்றைக்கும் 20 போர் மேல்கீழ் இரட்டைக் குழலைத்தான் சொல்வேன், லைசென்ஸ் வேலையும் பாதி.

மாமா விஷயத்தில் மாற்றியது தோள்தான். 2.8 கிலோ இரட்டைக் குழலில் உதை ஒரே அடியாக வருகிறது. கேஸ் முறையில் ஓடுகிற செமி ஆட்டோவில் குழலில் உள்ள சின்னத் துளை வழியாகக் கொஞ்சம் புகை அழுத்தம் இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ளும், அது அறையை மூடியிருக்கிற போல்ட்டைப் பின்னால் கொண்டு போகும், ஸ்பிரிங் திரும்பக் கொண்டு வரும். மொத்த உதை பெரிதாகக் குறைவதில்லை, ஆனால் ஒரு குத்தாக வராமல் ஒரு தள்ளாக நீண்டு வருகிறது. புண்பட்ட தோளுக்கு அந்த வித்தியாசம் பெரியது.

இனர்ஷியா முறை வேறு. பெனெல்லி இதை வைத்துத்தான் பேர் வாங்கியது, அதே குடும்பத்தில் ஃபிராங்கியும் செய்கிறது. இதில் புகை எங்கேயும் போவதில்லை. துப்பாக்கி முழுவதும் உதையில் பின்னால் வரும், கனமான போல்ட் உடல் மட்டும் சோம்பலாக இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டை ஸ்பிரிங் நசுங்கும், அந்த ஸ்பிரிங் விரிகிற வேகத்தில் போல்ட் ஓடும். கரி படியாது, துடைப்பது சுலபம், எடையும் குறைவு. ஆனால் துப்பாக்கி பின்னால் நகர்ந்தால்தான் அது வேலை செய்யும். மாமா கதையில் இது முக்கியமாக வருகிறது. முதன்முதலில் வெற்றி பெற்ற செமி ஆட்டோ ஜான் பிரவுனிங் செய்த ஆட்டோ 5, அது மூன்றாவது வகை, குழலே பின்னால் வந்து போகும். அதைப் பற்றி ஆசையாகப் பேசலாம், 61 வயதுத் தோளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

லைசென்ஸ்

இதைப் படிக்காமல் துப்பாக்கிக்குப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாக.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் சட்டம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். மாமா வைத்திருந்தது பிரிவு 15 லைசென்ஸ், எப்போதாவது வேட்டைக்குப் போகிறவருக்கானது. அந்தப் பிரிவில் ஷாட்கன், அதாவது ரவை சுடுகிற இந்த வகைத் துப்பாக்கி வாங்கலாம், ஆனால் செமி ஆட்டோ ஷாட்கன் கிடையாது. முன்கட்டையைக் கையால் இழுத்துத் தள்ளுகிற பம்ப் ஆக்ஷன் வரும், இரட்டைக் குழல் வரும், செமி ஆட்டோ வராது. வேட்டைக்கு செமி ஆட்டோ வேண்டும் என்றால் பிரிவு 16தான் வழி, அது அர்ப்பணிப்புள்ள வேட்டைக்காரருக்கு. அங்கேயும் மறு நிரப்பல் இல்லாமல் ஐந்து தோட்டாவுக்கு மேல் சுடாதபடி தயாரித்த துப்பாக்கியாக இருக்க வேண்டும். அர்ப்பணிப்புள்ளவர் என்றால் நீங்களே சொல்லிக்கொள்வது இல்லை. அங்கீகாரம் பெற்ற வேட்டைச் சங்கத்தில் உறுப்பினராகி, அவர்கள் வைக்கிற பயிற்சியை முடித்து, உண்மையிலேயே வேட்டையில் ஈடுபடுகிறவர் என்று சங்கத் தலைவர் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டும், அது விண்ணப்பத்தோடு போக வேண்டும்.

மாமா முதலில் தளர்ந்துதான் போனார். "அறுபது வயதில் பரீட்சையா?" என்றார். ஆனால் அந்தப் பாடத்தில் பறவை இனங்கள், நாட்டுச் சட்டம், காயம்பட்டதைத் தேடும் முறை எல்லாம் இருந்ததால் போகப் போகப் பிடித்துப்போனது. இரவு பத்து மணிக்குப் போன் போட்டு, சாம்பல் இறகுக்கும் சிவப்பு இறகுக்கும் கழுத்தில் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். (சிவப்பு இறகு கவுதாரி பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைச் சுற்றியுள்ள எங்கள் மிட்லாண்ட்ஸ் புல்வெளியில் உண்டு. அந்தப் புல்வெளி மரத்தோட்டமாகவும் மக்காச்சோளமாகவும் மாறிக்கொண்டே போவதைப் பார்த்து நான் அதைச் சுடுவதை விட்டுப் பல வருடம் ஆகிறது. நாயை மட்டும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.)

பிரிவு 16 லைசென்ஸ் பத்து வருடத்துக்கு. முடிகிற தேதிக்கு 90 நாள் முன்னாலேயே புதுப்பிக்கக் கொடுத்துவிட வேண்டும், சமையலறைக் காலண்டரில் எழுதி வைக்கிற தேதி அது. வீட்டில் உறுதியாகப் பொருத்திய, தர முத்திரை உள்ள இரும்புப் பெட்டி வேண்டும், மாமாவிடம் அது இருந்தது. ஒவ்வொரு மாகாணத்திலும் எந்தப் பறவை, எந்த மாதம், நாளுக்கு எத்தனை, எந்த முறையில் என்று வேட்டை அறிவிப்பு வரும். எந்த மாகாணத்துக்குப் போகிறீர்களோ அந்த மாகாணத்து அறிவிப்பைப் படியுங்கள், பக்கத்து மாகாணத்துக் கணக்கு அங்கே செல்லாது.

மூன்று துப்பாக்கி, ஒரு சனிக்கிழமை

லைசென்ஸ் வரும் முன்னால் சுட்டுப் பார்க்க வழி உண்டா என்று பலர் கேட்பார்கள். உண்டு. லைசென்ஸ் உள்ளவர் தன் நேரடிக் கண்காணிப்பில் இன்னொருவரைச் சுட விடலாம், பிரிவு 22. எனக்கு நாய்ப் பழக்கத்தில் கிடைத்த மூன்று நண்பர்கள் தங்கள் துப்பாக்கியோடு ஒரு சனிக்கிழமை, களிமண் தட்டைப் பறக்கவிட்டுச் சுட்டுப் பழகுகிற மைதானத்துக்கு வந்து மாமா பக்கத்திலேயே நின்றார்கள். மூன்றும் பழகிய துப்பாக்கிகள், ஒவ்வொன்றும் அதன் சொந்தக்காரர் கையில் வாழ்ந்த விதத்தில் இருந்தது, அதனால் கம்பெனி பெயரை வைத்து எடை போட வேண்டாம், பெயரையும் நான் எழுதவில்லை.

முதலாவது கேஸ் 12 போர், 3.4 கிலோ. 28 கிராம் தோட்டா, 25 தட்டில் மாமா 17 உடைத்தார், ஒரு சிக்கலும் இல்லை, தோளும் நோகவில்லை. எல்லாரும் இதுதான் என்றார்கள். நான் மாமாவை அதே துப்பாக்கியை, வெறும் துப்பாக்கியை, இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் பிடித்தபடி மைதானத்துப் பின்னால் இருக்கும் மேட்டில் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னேன். நாற்பதாவது நிமிடத்தில் குழல் நுனி தரையைப் பார்க்க ஆரம்பித்தது. திரும்பி வந்து ஐந்து தட்டு போடச் சொன்னேன், ஒன்றைத்தான் உடைத்தார். நடக்கிற வேட்டைக்குத் துப்பாக்கி தேடுகிறவர்கள் இந்தச் சோதனையைத்தான் செய்வதே இல்லை, கடையில் அரை நிமிடம் தோளில் வைத்துப் பார்த்து "பேலன்ஸ் அருமை" என்பார்கள். ஸ்டோர்ம்பர்க்கில் காலையில் மட்டும் மூன்று நான்கு மணி நேரம் நடை, அதுவும் 1,800 மீட்டருக்கு மேலே.

இரண்டாவது இனர்ஷியா 12 போர், 2.9 கிலோதான், தூக்கினால் குச்சி மாதிரி. மாமா முகம் மலர்ந்தது. உதை குறைவாக இருக்கட்டும் என்று 24 கிராம் தோட்டா போட்டோம். பத்தில் மூன்று தடவை வெற்றுத் தோட்டா வெளியே வராமல் மாட்டிக்கொண்டது. சொந்தக்காரருக்கே ஆச்சரியம், அவர் எப்போதும் 32 கிராம் போடுகிறவர். கட்டையின் பின்தகட்டைத் திறந்து பார்த்தால், உதை குறைய வேண்டும் என்று பாதரசக் குழாய் ஒன்றை உள்ளே போட்டு வைத்திருக்கிறார். கட்டையில் தோட்டா செருகும் பட்டை வேறு. துப்பாக்கி கனத்துப் போனது, தோட்டா இளைத்துப் போனது, பின்னால் நகரும் வேகம் ஸ்பிரிங்கை நசுக்கப் போதவில்லை. குழாயையும் பட்டையையும் எடுத்ததும் 25க்கு 25 ஓடியது. துப்பாக்கியில் குறையே இல்லை. உதையை வைத்து ஓடுகிற இயந்திரத்தில் உதையைக் குறைக்கிற சாமானைச் சேர்த்தால் அது எதை வைத்து ஓடும்?

மாமாவுக்கு அது இன்னொரு பாடமும் சொன்னது. சத்தம் வேண்டாமே என்று போல்ட்டைக் கையால் பிடித்து மெதுவாக மூடினார், விசையை அழுத்தினால் "டிக்" என்ற சத்தம்தான். சுழன்று பூட்டுகிற தலை கடைசி மில்லிமீட்டர் சுழலவில்லை. இந்த வகையில் போல்ட்டை விட்டுவிட வேண்டும், அதுவே அறைந்து மூட வேண்டும், பிறகு கைப்பிடியை ஒரு தட்டு தட்டிப் பார்ப்பது நல்லது. பழகினவருக்கு இது ஒன்றும் இல்லை. முப்பது வருடம் இரட்டைக் குழலை மெதுவாக மூடிய கைக்கு இதை மறக்கடிப்பது கஷ்டம். அதுவும் 32 கிராம் போட்டால் 2.9 கிலோ துப்பாக்கியில் உதை தாத்தா துப்பாக்கியைவிடக் கொஞ்சம் அதிகம்.

மூன்றாவது கேஸ் 20 போர், 2.8 கிலோ, 71 சென்டிமீட்டர் குழல். 25 கிராம் தோட்டா. முதல் சுற்றில் 14தான். மாமா அதை வைத்துவிட்டு முதல் துப்பாக்கிப் பக்கம் பார்த்தார். நான் வெறும் துப்பாக்கி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து அப்படியே திறக்கச் சொன்னேன். குழல் மேல்பட்டையே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, போல்ட் பெட்டியின் பின்பக்கம்தான் தெரிகிறது. கன்னம் தாழ உட்கார்கிறது என்று அர்த்தம், பறவைக்குக் கீழே சுடுவார். இந்த வகைத் துப்பாக்கியில் கட்டைக்கும் பெட்டிக்கும் நடுவில் போடுகிற மெல்லிய தகடுகள் உண்டு, மாற்றினால் கட்டை மேலே கீழே, இடது வலது கொஞ்சம் திரும்பும். சொந்தக்காரர் தகடு டப்பாவை வண்டியில் வைத்திருந்தார். கால் மணி நேரத்தில் மாற்றி, பின்னால் இருந்த தடித்த ரப்பருக்குப் பதில் மெல்லியதைப் போட்டு நீளத்தை 35.5க்குக் கொண்டு வந்தோம். அடுத்த சுற்று 19. மாமா எதுவும் சொல்லாமல் இன்னொரு பெட்டி தோட்டா எடுத்தார், எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

12 போரைவிட 20 போர் சின்னது, பறவை காயத்தோடு போய்விடுமே என்று கேட்பவர்களுக்கு: 25 கிராம் 7ஆம் எண் ரவை என்றால் சுமார் 300 குண்டு. 32 கிராமில் 385 சுமார். நாங்கள் கால் சோக் (ரவை ரொம்பச் சிதறாமல் குழல் நுனியைக் குறுக்குகிற அளவு, கால், அரை என்று உண்டு) போட்டு 30 மீட்டரில் பெரிய காகிதத்தில் சுட்டு, 75 சென்டிமீட்டர் வட்டம் வரைந்து எண்ணினோம், ஓட்டைகள் 200ஐ ஒட்டி வந்தன. 400 கிராம் பறவைக்கு அது தாராளம். நாய்க்கு முன்னால் எழும்புகிற கவுதாரி பெரும்பாலும் 20, 25 மீட்டரிலேயே விழ வேண்டியது. அதற்கு மேல் போனதை விட்டுவிட வேண்டும், 12 போர் கையில் இருந்தாலும்தான். கினிக்கோழி ஒன்றரைக் கிலோ வரை வரும், இறகும் கெட்டி, அதற்கு 5ஆம் எண் ரவையும் அரை சோக்கும், 30 மீட்டருக்குள்.

வாங்கியது

லைசென்ஸ் அட்டை கையில் வந்தபோது வருடம் திரும்பியிருந்தது. வாங்கியது அதே மாதிரியான பழைய கேஸ் 20 போர். பழையது வாங்குகிறவர்கள் முன்கட்டையைக் கழற்றிப் பாருங்கள்: உள்பக்கம் விரிசல் இருக்கிறதா, பிஸ்டனில் கரி கல்லாகியிருக்கிறதா, ரப்பர் வளையம் உள்ள மாடல் என்றால் அது பிய்ந்திருக்கிறதா. பின்கட்டைக்குள் போகிற ஸ்பிரிங் குழாயைத்தான் யாரும் திறக்க மாட்டார்கள், டர்பன் கடற்கரைக் காற்றில் முதலில் துருப்பிடிப்பது அதுதான். மாமா வாங்கியதில் அந்த ஸ்பிரிங் துருவேறித்தான் இருந்தது, மாற்றியே எடுத்தோம்.

ஸ்டோர்ம்பர்க்

ஜூன் மூன்றாவது வாரம் போனோம். ஆடியில் வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதால் அந்த மாதம் மாமா வீட்டில் கறியே கிடையாது, அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது மாமியின் கட்டளை. கோக்ஸ்டாட், ம்தாதா வழியாக முழு நாள் ஓட்டம். மொல்ட்டேனோ பக்கத்து மலை எப்படிப்பட்ட குளிர் என்றால், அங்கே இருக்கிற பஃபெல்ஸ்ஃபொன்டெய்னில் 2013 ஆகஸ்டில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி பதிவானது, நாட்டிலேயே அதுதான் குறைவு. நாங்கள் போன காலையில் அவ்வளவு இல்லை, ஆனால் நாய்த் தண்ணீர்க் கிண்ணம் கல்லாக உறைந்து கிடந்தது.

முதல் நிறுத்தம் ஏழரை மணிக்கு. என் பாயின்டர் வெள்ளி ஒரு பாறை ஓரத்தில் வாலை நீட்டி நின்றுவிட்டாள். மாமா வலது பக்கம், நான் நாய்ப் பக்கம். ஒன்பது பறவை எழும்பியது. மாமா ஒன்றைச் சுட்டார், விழுந்தது. இரண்டாவதுக்கு விசையை அழுத்தினார், ஒன்றும் இல்லை. போல்ட் முக்கால்வாசி வந்து நின்றிருக்கிறது. முந்தின இரவு மாமா ஆசையாகத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டிருக்கிறார், டோங்காட் வெயிலுக்குப் போடுகிற மாதிரி ஊற்றியிருக்கிறார். உறைபனியில் அது நெய்யாகிவிட்டது. பண்ணை வீட்டுக்குத் திரும்பி, கழற்றி, மண்ணெண்ணெயில் துடைத்து, காயவைத்து, உரசுகிற இடங்களில் விரல் நுனியில் தொட்டு ஒரு பூச்சு மட்டும் விட்டோம். பிறகு மூன்று நாளும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. இது எனக்குத் தெரிந்த விஷயம், முந்தின இரவே நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதற்காக அன்று காலை மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பண்ணைக்காரர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: செமி ஆட்டோ வைத்திருப்பவர் இரண்டு தோட்டாவுக்கு மேல் போடக் கூடாது, கம்பி வேலி தாண்டும்போது போல்ட்டைத் திறந்து பூட்டி, அறையில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கொடியைச் செருகி மற்றவருக்குக் காட்ட வேண்டும். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. செமி ஆட்டோ ஒன்றைச் சுட்டதும் அடுத்தது தானாக அறைக்குள் ஏறிவிடுகிறது, பறவை விழுந்த சந்தோஷத்தில் மனிதன் அதை மறந்துவிடுகிறான். நாய் பறவையை எடுக்க ஓடும்போது பாதுகாப்புப் பொத்தான் போட்டாயிற்றா என்று மாமாவும் நானும் ஒவ்வொரு தடவையும் வாய் திறந்து சொல்லிக்கொண்டோம், மாமா "போட்டாச்சு" என்பார், அதற்குப் பிறகுதான் வெள்ளியை விடுவேன். வெற்றுத் தோட்டா வலது பக்கம் மூன்று மீட்டர் தள்ளிப் போய்ப் புல்லில் விழும், அதையும் தேடிப் பொறுக்க வேண்டும், ஆடு மேய்கிற நிலம் அது. மாமா எண்ணி எண்ணிப் பொறுக்கினார்.

மூன்று நாளில் மாமா சுட்டது 22 தோட்டா, விழுந்தது 9 பறவை, காயத்தோடு போன ஒன்றை வெள்ளி பள்ளத்திலிருந்து கொண்டுவந்தாள். ஒரு கூட்டத்திலிருந்து இரண்டுக்கு மேல் எடுக்கவில்லை, நாலைந்தே இருந்த கூட்டத்தைத் தொடவே இல்லை. மாலையில் சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினார், சிவப்புகூட இல்லை. இடது முன்கைதான் வலித்தது, அது நடந்த வலி. மாமி கவுதாரியைத் தோலுரித்து, கறிவேப்பிலையும் மசாலாவும் போட்டுக் குழம்பு வைத்தார், சாப்பிடும்போது ரவை பல்லில் படாதபடி ஒவ்வொரு துண்டாகத் தடவிப் பார்த்துத்தான் போட்டார்.

ஒரே ஒரு விஷயம் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது. மாமா வீட்டுப் பெட்டிக்குள் இப்போது தாத்தாவின் 12 போரும் இந்த 20 போரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 20 போர்த் தோட்டா 12 போர்க் குழலில் விழுந்தால் அறையைத் தாண்டி உள்ளே வழுக்கிப் போய் மாட்டிக்கொள்ளும், பின்னாலிருந்து பார்த்தால் குழல் காலியாகத் தெரியும், அதற்குப் பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழல் கிழிந்து இடது கை போய்விடும். 20 போர்த் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். ஊருக்குத் திரும்பிய அன்றே மாமாவின் பழைய வேட்டை ஜாக்கெட்டை மேஜைமேல் தலைகீழாகப் பிடித்து உதறினேன். மஞ்சள் பதினொன்று விழுந்தது. உள்பையின் கிழிந்த லைனிங்குக்குள்ளிருந்து சிவப்பு 12 போர் இரண்டு, எத்தனையோ வருடத்துக்கு முந்தியது, பித்தளை பச்சை பிடித்துப் போனது. மாமா அவற்றைக் கையில் எடுத்து நீளம் பார்த்தார், 70 மில்லிமீட்டர். மறுநாள் மஞ்சளுக்கு என்று ஒரு புது ஜாக்கெட் வாங்கினார், தாத்தா துப்பாக்கிக்கு 65 மில்லிமீட்டர் தோட்டா ஒரு பெட்டி வாங்கித் தனி டப்பாவில் பூட்டினார். பழைய ஜாக்கெட்டின் பைகளை எல்லாம் மாமி உட்கார்ந்து தைத்து மூடிவிட்டார், மாமா அதைக் கரும்பு வெட்டும்போது போட்டுக்கொள்கிறார்.